வாலிலிருந்து தலைக்கு

எழுதி முடித்த எந்தக் காகிதத்தையும் அக்கா கடைசி வரியிலிருந்துதான் படிப்பாள். முதலில் கீழே கையெழுத்தும் தேதியும் போடுவாள். பிறகு கடைசி வரி, அதற்கு முந்தின வரி, அதற்கும் முந்தின வரி என்று மேலே ஏறிப் போவாள். ஒரு மர ஸ்கேலை வைத்து மற்ற வரிகளை மறைத்துக்கொள்வாள். கையில் சிவப்புப் பேனா இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"என்னக்கா, காயிதத்த தலைகீழா படிக்கிற?"

"மீனுக்கு செதிலு எப்டி எடுப்ப?" என்று திருப்பிக் கேட்டாள்.

நான் ராயபுரத்துக்காரி. வாரத்தில் ஐந்து நாள் மீன் தின்கிறவள். ஆனால் செதில் எடுத்ததில்லை, வாங்குகிற இடத்திலேயே ஆய்ந்து கொடுத்துவிடுவார்கள். தெரியாது என்றேன்.

"வாலுலருந்து தலைக்கு இழுக்கணும். தலையிலருந்து இழுத்தா கத்தி வழுக்கிக்கினு பூடும், செதிலு அப்டியே ஒட்டிக்கினு கீது. இதுவும் அத்தான். மேலருந்து படிச்சா நாம இன்னா எழுத நெனச்சமோ அதான் தெரியும். எழுதனது தெரியாது."

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் வேறு, கடைசியில் சொல்கிறேன்.

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் நாங்கள் வேலை பார்த்தோம். துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளை இறக்கி அடுக்கிவைத்து, சரக்குக்காரர்கள் வந்து கேட்கும்போது அனுப்பிவைக்கிற இடம். அக்கா கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் ரிஜிஸ்டரில் எழுதுவாள். நான் உள்ளே ஏசி அறையில் கம்ப்யூட்டரில் கடிதம் அடிப்பேன். அவள் குப்பத்துக்காரி, மாநகராட்சிப் பள்ளியில் பன்னிரண்டு வரை தமிழில் படித்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். நான் கான்வென்ட். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு கண்ணாடிக் கதவுதான். ஆனால் உள்பக்கத்துத் திமிர் எனக்கு வேண்டிய மட்டும் இருந்தது.

பெட்டியில் நசுங்கலோ ஓட்டையோ இருந்தால் ரிஜிஸ்டரில் இங்கிலீஷில் குறிப்பு எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு 'பாக்ஸ் ஸ்டமக் ஹோல்' என்று எழுதிவிட்டாள். பெட்டிகளைச் சோதிக்க வரும் சர்வேயர் ஒருவன் அதைப் போட்டோ எடுத்து ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டான். பெட்டிக்கு வயிற்றுவலியா, மாத்திரை கொடுத்தீர்களா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனீர்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நானும் என் பங்குக்கு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்றைப் போட்டேன். அந்தக் குரூப்பில் அவளும் இருந்தாள்.

மறுநாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அந்த போட்டோவ ஒரு பிரிண்டு எடுத்துக் குடு கண்ணு."

"எதுக்குக்கா?"

"ஒட்டி வெச்சிக்கறதுக்கு."

மெய்யாகவே ஒட்டினாள். ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அதை ஒட்டி, அன்றிலிருந்து இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்தாள். வாத்தியார் யாரும் கிடையாது. என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லிக்கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம். அவள் கேட்கவில்லை. எழுதுவது, தானே திருத்துவது, மறுபடி எழுதுவது, இவ்வளவுதான் அவள் படிப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு 'கேடிகள்' என்று பெயர் வைத்திருந்தாள். திரும்பத் திரும்பச் செய்கிற பிழைகளின் பட்டியல் அது. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டிவைப்பார்களே, அதுபோல. ஒரு பிழை மறுபடி வந்தால் அதன் பக்கத்தில் ஒரு கோடு. ஒரு மாதம் வராமல் இருந்தால், 'திருந்திட்டான்' என்று எழுதி அடித்துவிடுவாள். சில பேர் திருந்தின பிறகும் வேலையைக் காட்டுவார்கள். அவர்களுக்குச் சிவப்பில் இரட்டைக் கோடு விழும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் காலிப் பெட்டிகளின் நிழலில் போய் நின்றுகொண்டு, எழுதியதைச் சத்தமாகப் படிப்பாள். எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வரியை வெட்டுவாள். "கிரேன் ஒரு தபாக்கு ஒரு பெட்டிதான் தூக்கும். ரெண்டு மாட்டுனா கவுந்துக்கும்" என்பாள். கேட் வாட்ச்மேன், அக்கா ஏதோ ஜெபக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து, "உங்க சபையா பாப்பா?" என்று ரகசியமாக விசாரித்தார்.

ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "எதுக்குக்கா இந்தப் பேஜாரு? போன்ல போட்டா அதுவே எல்லாத்தையும் திருத்திக் குடுத்துடும்."

"போட்டுப் பாத்தேன். படா ஷோக்கா எழுதிக் குடுக்குது. ஆனா நான் பாக்காததெல்லாம் பாத்தேன்னு சொல்லுது. 'கதவு லேசா நசுங்கிக் கீது'ன்னு நான் எழுதனா, 'பலமா சேதம்'னு அது எழுதுது. அப்பால சர்வேயரு வந்து எங்கமே பலமான்னு கேட்டா நான் போனையா காட்டுவேன்?"

அவள் அம்மா இறந்தபோது நடந்ததைச் சொன்னால் அவளைப் புரிந்துகொள்ளலாம். போனில் சொல்லிவிட்டு நான்கு நாள் வரவில்லை. வந்த அன்று லீவு லெட்டரை நீட்டினாள். லீவு லெட்டருக்கெல்லாம் எங்களிடம் ஒரு மாதிரிக் கடிதம் இருக்கும், எல்லோரும் அதைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். அதில் மரணத்துக்கு 'எக்ஸ்பயர்டு' என்று இருக்கும். அக்கா அதை அடித்துவிட்டு 'டைடு' என்று எழுதியிருந்தாள்.

"அதுதானேக்கா மரியாத?" என்று கேட்டேன்.

"மாத்திர அட்டையில அத்தான் போட்டுக் கீறான், பிரெட்டு கவர்லயும் அத்தான் போட்டுக் கீறான். எங்கம்மா செத்துப்போச்சி. செத்துப்போச்சின்னே இருக்கட்டும்."

துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த லெட்டரை ஐந்து தடவை எழுதியிருக்கிறாள். ஐந்து தாளையும் எனக்குக் காட்டினாள். ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் தேதியும் இருந்தன. இதற்குப் பைத்தியம் என்று பெயர் என்று அன்று நான் வீட்டில் போய்ச் சொன்னேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு எழுதினது எழுதினதுதான். திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது. என் இங்கிலீஷ் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. ஒருநாள் கஸ்டம்ஸ் நிறுத்திவைக்கச் சொன்ன ஒரு பெட்டியைப் பற்றிக் கேட் மேசைக்கு மெயில் அடித்தேன். அடுத்த அரை மணியில் அக்கா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"இந்த பெட்டிய வுடச் சொல்றியா, வுடாதன்னு சொல்றியா?"

"வுடாதன்னுதான். அதான் போட்டிருக்கேனே."

"கீழருந்து படி."

படித்தேன். விடச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. வெளியே டிரெய்லர் அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. அது போயிருந்தால் என் வேலையும் அதன் பின்னாலேயே போயிருக்கும். அக்கா டிரைவரிடம் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. நான் நன்றி சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை.

இனி செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

செல்வம் யார்டில் லோடு ஏற்றி இறக்குகிறவன். எம்.கே.பி. நகரில் வீடு, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெளியே யார்டில் வேலை செய்கிறவர்களுக்கு போன் சார்ஜ் போட கேட் மேசையில் மட்டும்தான் பிளக் இருந்தது. காலையில் வந்ததும் அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போவான், சாயங்காலம் வாங்கிக்கொள்வான். யார்டில் சரக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் ஃபோர்க்லிஃப்டு வண்டிகளில் ஒன்று பின்னால் வரும்போது சத்தம் போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது. அக்கா அதை ரிஜிஸ்டரில் மூன்று தடவை குறித்திருந்தாள். மூன்று தடவையும் மேனேஜர் பக்கத்தில் ஒரு டிக் போட்டார், அவ்வளவுதான். ஒரு காலை நேரத்தில் அந்த ஃபோர்க்லிஃப்டு சத்தமில்லாமல் பின்னால் வந்து, குனிந்து மரக்கட்டை எடுத்துக்கொண்டிருந்த செல்வத்தின் மேல் ஏறியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் கேட் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். செல்வத்தின் போன் மேசைமேல், சார்ஜர் ஒயரோடு, அடிக்க ஆரம்பித்தது. திரையில் அவன் மனைவியின் படம். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அக்காதான் எடுத்தாள்.

அன்று மத்தியானம் மேனேஜர் விபத்து அறிக்கையைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். தொழிலாளி போனில் பேசிக்கொண்டே கவனமில்லாமல் வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டார் என்று அதில் ஒரு வரி. என் விரல் அந்த வரியில் நிற்கக்கூட இல்லை. அடித்தேன். கீழே தயாரித்தவர் என்கிற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்துகளையும் போட்டேன்.

ரிப்போர்ட்டின் நகல் கேட் ஃபைலுக்கு வந்தபோது அக்கா அதைக் கீழிருந்து படித்திருக்கிறாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள்.

"நீதான டைப் அடிச்ச?"

"அவரு சொன்னாரு. அடிச்சேன்."

"அடிச்சிட்டு ஒருவாட்டி படிச்சிப் பாத்தியா?"

"ஸ்பெல்லிங் பாத்தேன்க்கா."

அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கை கழுவப் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் முழுவதையும் சாப்பிட்டேன்.

தலைமை ஆபீஸ் வேறு ஊரில் இருந்தது. அங்கே இங்கிலீஷ் தவிர வேறு எதையும் படிக்கமாட்டார்கள். அக்கா அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தாள். ஃபோர்க்லிஃப்டு சத்தம் போடாததை மூன்று தடவை குறித்தது, எந்தெந்தப் பக்கம், விபத்து நடந்தபோது செல்வத்தின் போன் தன் மேசையில் சார்ஜில் இருந்தது, அடித்த போனை எடுத்தது தான்தான், இவ்வளவும் அதில் இருந்தது. ஒன்றரைப் பக்கம். அதற்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டாள். யார்டில் வெள்ளைத்தாள் சும்மா கிடைக்காது. கேன்சல் ஆன கேட் பாஸ்களின் பின்பக்கத்தில்தான் அவள் எப்போதும் எழுதிப் பழகுவாள். கேன்சல் ஆன பாஸை மெஷினில் போட்டுக் கிழித்துவிட வேண்டும் என்று விதி உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒவ்வொரு தடவை எழுதி முடித்ததும் அதை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள். "உன் டிராயர்ல வெச்சிக்க. என் டேபிளு காத்துல பறந்துடும்" என்பாள். நான் வாங்கிப் பூட்டிவைப்பேன். அப்போதெல்லாம் படித்துப் பார்ப்பேன். முதல் தாள் குப்பை. வலையில் வருகிற மாதிரி மீனும் வந்திருந்தது, பிளாஸ்டிக் பையும் வந்திருந்தது. நான்காவது தாளில் வரிகள் சின்னதாகிவிட்டன. ஏழாவதில், தான் பார்க்காத எல்லாவற்றையும் அடித்துவிட்டாள், கோபத்தையும்தான். பத்தாவதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறென்ன. பதினான்கு வருடம் கான்வென்டில் படித்த எனக்கு அப்படி ஒரு பக்கம் எழுத வராது. பதினோராவதைத்தான் தலைமை ஆபீசுக்கு அனுப்பினாள்.

ஒரு வாரத்தில் அங்கிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். அவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேனேஜர் என் மேசைக்கு வந்து, ரொம்பத் தன்மையாகச் சொன்னார்.

"கேன்சல் பாஸை யாரோ சேத்து வெச்சிருக்கறதா கேள்விப்பட்டேன்மா. யார் டிராயர்ல இருந்து எடுத்தாலும் அவங்க மேல ஆக்ஷன் எடுக்கவேண்டி வரும். உங்களுக்கு அடுத்த மாசம் பர்மனன்ட் ஆகுதில்ல? குப்பை எதாவது இருந்தா கிளீன் பண்ணிடுங்க."

அவர் போனதும் நான் டிராயரைத் திறந்தேன். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் போராடினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் விருப்பம்தான். ரப்பர் பேண்டைக் கழற்றினேன், கிழிக்கிற மெஷினில் ஒவ்வொன்றாக விட்டேன். ரப்பர் பேண்டை மறுபடி டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

விசாரணையில் நடப்பதை இங்கிலீஷில் அடிப்பதற்கு என்னைத்தான் உட்காரவைத்தார்கள். அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு, நோட்டும் ஸ்கேலும் மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். தெரிந்த முகம் ஒன்று அறையில் இருக்கிறது என்கிற சிரிப்பு அது.

வந்தவர் மரியாதையானவர். அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்திக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த லெட்டரை நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"யூனியன்ல இருந்து யாராவது எழுதிக் கொடுத்தாங்களா? இல்ல, வக்கீல்?"

"இல்ல சார். நான்தான்."

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தயாராக வைத்திருந்த அந்தப் பழைய போட்டோவை, பெட்டிக்கு வயிறு இருந்த அந்தப் போட்டோவை, போனில் எடுத்துக் காட்டினார். வந்தவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை அக்காவின் முன்னால் வைத்தார்.

"இதே விஷயத்தை இப்ப இங்கேயே எழுதுங்க. பத்து நிமிஷம் எடுத்துக்குங்க."

அக்காவின் முகம் மாறியது. "சார், நாளைக்கி காலைல குடுக்கட்டா? நான் எழுதுனா ஒரு நாளு வெச்சிட்டு அப்பாலதான் திருத்துவேன்."

"நடந்ததை எழுத எதுக்கும்மா ஒரு நாள்?"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது. அந்த அறையில் அதை இங்கிலீஷில் சொல்லவும் வரவில்லை, தமிழில் சொன்னால் எடுபடப்போவதும் இல்லை. எழுத ஆரம்பித்தாள். நோட்டில் இருந்த எல்லாக் கேடிகளும், திருந்தினவர்கள் உட்பட, அன்று ஒன்றாகக் கிளம்பி வந்தார்கள். எழுதி முடித்து, கையெழுத்தும் தேதியும் போட்டு, கடைசி வரிக்கு மேல் ஸ்கேலை வைத்து, மடியிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். அவர் ஸ்கேலுக்குக் கீழேயிருந்து தாளை உருவிக்கொண்டார்.

இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது ரெண்டும் ஒருத்தர் எழுதினதுன்னு நான் எப்படி நம்பறது?"

"சார், இது மொத தபா எழுதனது. அது பதினோராவது தபா. நடுவுல எழுதனதெல்லாம் கீது சார். தேதி போட்டு, கையெழுத்து போட்டு வெச்சிக் கீறேன்." என் பக்கம் கையைக் காட்டினாள். "தோ, இவ டிராயர்லதான் கீது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மட்டும் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாது சார். அப்படி எதுவும் எங்கிட்ட இல்ல" என்றேன்.

பிறகு அந்தப் பதிலை இங்கிலீஷில் அடித்தேன். என் பொய்க்கு நானே எழுத்தர். அன்றைக்கு ஏனோ கீழிருந்து மேலாகப் படித்துப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை.

ரிஜிஸ்டரின் அந்த மூன்று பக்கங்களை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளியாட்கள் தூண்டுதலில் பொய்ப் புகார் கொடுத்ததாக எழுதி அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மேசையிலிருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு போகும்போது அவள் கண்ணாடிக் கதவுக்குள் வந்தாள். மெஷினுக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தாள்.

"இதுலியா போட்ட?"

நான் தலையை ஆட்டினேன். "பதினொண்ணும் போச்சுக்கா" என்று ஏதோ உளறினேன்.

"பத்து. பதினொண்ணாவதுதான் அந்தாளு கையில கீதே. சரியா சொல்லு."

அவ்வளவுதான். அவள் திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். குப்பத்துப் பெண்ணுக்குத் திட்டத் தெரியாதா. அந்த ஒரு தப்பைத் திருத்திவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அடுத்த மாதம் பர்மனன்ட் ஆனது.

இரண்டு வருடம் கழித்து, விம்கோ நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து அக்கா மனு எழுதிக்கொடுக்கிறாள் என்று வாட்ச்மேன் சொன்னார். போய்ப் பார்க்கக் கால் வரவில்லை. ஒரு கடிதம் எழுதினேன், இங்கிலீஷில். அவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். தாள்களைக் கிழித்தது நான், பொய் சொன்னது நான், அதை அடித்ததும் நான் என்று எதையும் மறைக்காமல் எழுதினேன். என் தூக்கம் போனதை எழுதினேன். சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ததை எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஸ்கேல் வைத்து, வாலிலிருந்து தலைக்கு மூன்று நாள் திருத்தினேன். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்தேன்.

எட்டாம் நாள் அதே கடிதம் வேறு கவரில் திரும்பி வந்தது. பிரித்தேன். இரண்டு பக்கத்திலும் எங்கேயும் சிவப்பு இல்லை. நூற்றுக்கு நூறு வாங்கின பள்ளிக்கூடப் பெண்ணைப் போல எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. என் கையெழுத்துக்குக் கீழே, சிவப்புப் பேனாவில், தமிழில் ஒரு வரி இருந்தது.

'இங்கிலீஷ்ல தப்பு எதுவும் இல்ல. செல்வம் போன் எங்க?'

இரண்டு பக்கத்தையும் மறுபடி படித்தேன். போன் எங்கேயும் இல்லை. என் பாவம் இருந்தது, என் அழுகை இருந்தது, என் தூக்கம் இருந்தது. மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த அந்தப் போன் மட்டும் இல்லை. அவள் பத்து நாள் உட்கார்ந்து எழுதினதே அதற்காகத்தான். மறந்துவிட்டேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அக்கா அதைச் செல்வத்திடம் கொடுத்திருப்பாள், செல்வம் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருப்பான். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன், சாட்சி சொல்லத் தயாராக இல்லை. மூன்று நாள் திருத்தியும் அது என் கண்ணில் படவில்லை என்றால், நான் பார்க்க விரும்பவில்லை என்றுதான் அர்த்தம்.

செல்வத்தின் வழக்கு இன்னும் நடக்கிறது. நான் அடித்த அந்த அறிக்கைதான் கம்பெனியின் கையிலிருக்கும் பெரிய ஆதாரம். நான் இன்னும் அதே யார்டில், அதே கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிறேன். என் கம்ப்யூட்டர் இப்போது தானாகவே எல்லாப் பிழைக்கும் அடியில் கோடு போடுகிறது. அக்காவைப் போய்ப் பார்க்கவில்லை, பதிலும் எழுதவில்லை.

இன்று எழுதுகிறேன். விபத்து நடந்த நேரத்தில் செல்வத்தின் கையில் போன் இல்லை. அது கேட் மேசையில் சார்ஜில் இருந்தது. அவன் மனைவி கூப்பிட்டபோது அது அங்கே அடித்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

எழுதிவிட்டேன், ஆனால் தலைமை ஆபீசில் யாரும் எடுத்துப் படிக்காத தமிழில். யார்டின் பெயர் இல்லை, செல்வம் என்பதும் நான் மாற்றி வைத்த பெயர்தான், ஊர் உலகம் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாதபடி அக்காவின் பெயரும் இல்லை. அவள் பெயரைச் சொன்னால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள், காரணம் அதுதான். இதையும் ஸ்கேல் வைத்து வாலிலிருந்து தலைக்குத் திருத்தியிருக்கிறேன். அக்கா கையில் இது கிடைத்தால் எங்கிருந்து ஆரம்பிப்பாள் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிக்குக் கீழே முதலில் கையெழுத்தைத் தேடுவாள். நான் போடவில்லை.